இருமலுக்கு எது: பெஹ்தானேயா, ஆவிஷனா?

ஈரானில் நாட்டு மருந்துக் கடைக்கு அத்தாரி என்று பெயர். இருமலுக்கு அங்கே இரண்டு பழைய சரக்குகள் உண்டு.

வறட்டு இருமல் என்றால் பெஹ்தானே, அதாவது சீமைமாதுளை விதை. வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் போட்டால் கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று ஆகிவிடும், நம் சப்ஜா விதை மாதிரி. அந்தக் கொழகொழப்பைக் குடித்தால் தொண்டைக் கமறல் அடங்கும். விதையை மட்டும் மென்றுவிடாதீர்கள். உள்ளே சயனைடு தரும் பொருள் இருக்கிறது. பாரசீக மருத்துவர் இப்ன் சீனா (980–1037) வழி வைத்தியக் கணக்கில் இது குளிர்ச்சி, ஈரம்.

ஆவிஷன் எனும் தைம் இலை நேர் எதிர்: சூடு, வறட்சி. சளி இருமலுக்கானது. இலையில் உள்ள தைமால் எனும் எண்ணெய்ப் பொருளின் வாசனை டம்ளரை நெருங்கும்போதே மூக்கில் ஏறும். இப்போது மருந்துக்கடையில் சிரப்பாகவே கிடைக்கிறது. வசதிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆஸ்துமா இழுப்பா? அப்போது இரண்டும் வேண்டாம், இன்ஹேலர்தான்.