காஸ்டிங் ரீல் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நாகர்கோவிலில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் 7,400 ரூபாய் கொடுத்து ஒரு ராடும் (தூண்டில் கம்பு) காஸ்டிங் ரீலும் (நரம்பு சுற்றும் கருவி) வாங்கி ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. என் கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச்சீட்டு மட்டும்தான். அதில் ‘ராடு ரீல் 1 செட்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பில் கேட்காதது என் தப்பு.

எனக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில், பாறையோரம் செம்பல்லியும் குட்டிக் கொடுவாவும் நிற்கும். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் பெரிய லூரை (பொய் இரை) போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. நாலு கிராம் ஜிக்ஹெட்டில் (தலையில் ஈயக்குண்டு உள்ள கொக்கி) விரல் நீள ரப்பர் மீனைக் கோத்து, மெல்லிய தூண்டில் நரம்பில் மெதுவாக இழுத்து வந்தால் சில நேரம் கடிக்கும். வட அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு இப்படிப் போடுவதைத்தான் ஃபினெஸ் என்கிறார்கள். வீடியோக்களில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது.

கடைக்காரரிடம் எல்லாம் சொன்னேன், லூரையும் எடுத்துக் காட்டினேன். ரீலில் ஸ்பின்னிங், காஸ்டிங் என்று ரகங்கள் உண்டு. “தம்பி, ஸ்பின்னிங் எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு. பாஸ் பிடிக்கிறவன் கையில காஸ்டிங்தான் பாத்திருப்பீங்க” என்றார். இடது கையால் சுற்றித்தான் எனக்குப் பழக்கம், கைப்பிடி வலது பக்கம் இருக்கிறதே அண்ணாச்சி என்றேன். “அது மாத்திக்கலாம்” என்றார். லேசான லூருக்கென்றே தனி காஸ்டிங் ரீல் உண்டாமே என்றதற்கு, “இதுவும் அதே ரகம்தான்” என்றார். பேச்சோடு பேச்சாக 30 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னிய) நரம்பையும் சுற்றிக் கொடுத்துவிட்டார். அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

ஆடி மாதம், மணக்குடியில் காற்றுக்குக் கேட்கவா வேண்டும். முதல் வீச்சில் லூர் பத்தடி தள்ளி விழுந்தது. ரீலைப் பார்த்தால் நரம்பு பொங்கி, தேங்காய் நாரைப் பிரித்துப் போட்டதுபோல் வெளியே நிற்கிறது. சிக்கெடுக்க அரைமணி நேரம். இரண்டாவது வீச்சும் அப்படியே. பிரேக்கைக் கூட்டினேன், அப்போது லூர் காலடியிலேயே விழுந்தது. பக்கத்தில் கைத்தூண்டிலில் இறாலைக் கோத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் அதற்குள் மூன்று மீன் எடுத்துவிட்டார். எழுந்து வந்து என் லூரை உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார்.

“இதுல கனமே இல்லியே மக்கா. பின்னே எப்படி அந்த உருளைய இழுத்துச் சுத்தும்?”

பாட்டா ஒரே வரியில் சொல்லிவிட்டார். காஸ்டிங் ரீலில் வீசும்போது ஸ்பூலே, அதாவது நரம்பு சுற்றிய உருளையே, சுழல வேண்டும், அதைச் சுழற்றுவது லூரின் கனம். சாதாரண காஸ்டிங் ரீல் பத்து கிராமுக்கு மேல்தான் ஒழுங்காகப் பேசும். எதிர்க்காற்றில் லூர் வேகம் குறையும், ஸ்பூல் குறையாமல் சுற்றும், அங்கே சிக்கு. ஸ்பின்னிங்கில் ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையமாகக் கழன்று போகிறது. அதனால் மூன்று கிராமும் பறக்கும். லேசான லூருக்கென வரும் காஸ்டிங் ரீலின் ஸ்பூல் ஆழமில்லாமல், கையில் எடுத்தால் கனமே தெரியாமல் இருக்கும். மெல்லிய நரம்பு கொஞ்சம்தான் கொள்ளும். என்னுடையதில் 30 பவுண்டு நரம்பு நூறு மீட்டருக்கு மேல் சுற்றியும் இடம் மிச்சம்.

கைப்பிடியும் மாறாது. ஸ்பின்னிங் ரீலில் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், காஸ்டிங்கில் வாங்கும்போதே இடமா வலமா என்று பார்த்து வாங்க வேண்டும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

இதைவிட எரிச்சலான விஷயம் வீட்டுக்கு வந்து தெரிந்தது. ராடில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தேன். அடியில் ‘லூர் 10–28 கிராம்’ என்று அச்சடித்திருக்கிறது.

மறுநாள் கொண்டுபோனேன். “நரம்பு சுத்தியாச்சு, யூஸ் பண்ணின சாமான், எடுக்க முடியாது” என்றார். பழக்கம் வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு அறிவுரை வேறு. கடைசியில் 2,500க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, பில் கொடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் நான் கேட்கவே இல்லையே, அவர் எங்கே மறுத்தார்? நீங்களாவது மாடல் எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். நரம்பைக் கடையில் சுற்றவிடாதீர்கள். உங்கள் லூர் எத்தனை கிராம் என்று தெரிந்துகொண்டு, ராடில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

காஸ்டிங் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாமரைக் குளத்தில் விராலுக்குப் பதினைந்து கிராம் தவளை லூரைப் போட அந்த செட் அருமையாக இருக்கிறது, இலைக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்க அந்த நரம்பும் வேண்டும். வலது கையால் சுற்றவும் பழகிவிட்டேன். மணக்குடிக்கு வேறு கடையில் 2500 சைஸ் ஸ்பின்னிங் ரீலும், 3–12 கிராம் போட்ட ஏழடி ராடும் வாங்கினேன்.

போன வாரம் அந்தப் பழைய கடை வழியாகப் போனேன். வாசலில் ஏழெட்டு ராடு சாத்தி வைத்திருந்தார்கள். விலைச் சீட்டு எல்லாவற்றிலும் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது.