ஆபீஸ் மேப்பும் போன் மேப்பும்: ஆறு வருடம் சேர்த்து ஓட்டியதில் கண்டது

போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஜூனியர் ஒருவன் போன் செய்தான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தின் குடிநீர்க் குழாய்களை ஜிஐஎஸ்ஸில் (விவரங்களோடு சேர்ந்த கணினி வரைபடத்தில்) ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறதாம். "அண்ணே, பெரிய ஜிஐஎஸ் மென்பொருள் லைசென்ஸ் வாங்கச் சொல்லணுமா, இல்ல கூகுள் எர்த்லயே வரைஞ்சு குடுத்துரலாமா? நீங்க ரெண்டையும் சேர்த்துத்தானே ஓட்டுறீங்க?" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து, வரைபடத்தில் தவறுதலாக இரண்டு தடவை ஏறிவிட்ட 340 இரட்டைக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். "சனிக்கிழமை நேர்ல வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். மூல வரைபடம் அலுவலக சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதோடு விட்டம், ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்பா எச்டிபிஇயா (பிளாஸ்டிக்) டிஐயா (இரும்பு), பதித்த வருடம், எந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்ற விவரமெல்லாம் ஒட்டியிருக்கும். திங்கள்தோறும் அதிலிருந்து ஒரு கேஎம்இசட் கோப்பு (மேப் செயலிகள் திறக்கும் கேஎம்எல் கோப்பின் சுருக்கிய வடிவம்) எடுத்து ஃபிட்டர்களுக்கும் டேங்க் ஆபரேட்டர்களுக்கும் அனுப்புகிறோம். ஆளுக்கொரு மேப் செயலி வைத்திருக்கிறார்கள், அதில் திறந்து பார்ப்பார்கள். தவறு இருந்தால் திருத்தி அனுப்புவார்கள். இதுதான் ஏற்பாடு. மென்பொருள்களின் பெயர் எதற்கு? எதை வைத்து ஓட்டினாலும் சிக்கல் இதே இடத்தில்தான் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அது சின்ன நன்மை இல்லை.

அலுவலக ஜிஐஎஸ் இரண்டு வருடம் எங்கள் அறையைத் தாண்டவே இல்லை. ஏஇ (உதவிப் பொறியாளர்) கேட்டால் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம், அவ்வளவுதான். முதல் கேஎம்இசட் கோப்பு ஒரு மூத்த ஃபிட்டரின் போனுக்குப் போன அன்று மாலை அவரே ஆபீசுக்கு வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத மனிதர். போனை நீட்டி, "தம்பி, இந்த லைனு இப்படிப் போகாது. கோயில் முக்குல வளைஞ்சு பழைய சந்தைக்குள்ள பூந்து போகுது. நான்தான் பள்ளம் தோண்ட நின்னேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் பதினேழு திருத்தங்கள் சொன்னார். அதில் மூன்று வால்வுகள் தார்ச் சாலைக்கு அடியில் மூடிப்போனவை, எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. அதே வரைபடத்தை ஏ1 தாளில் அச்சடித்து ஆறு மாதம் சுவரில் மாட்டியிருந்தோம். அவர் ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. தாளில் அவருக்குத் தெரியாத ஊர், போனில் தன் வீட்டையும் தெருவையும் கூரையோடு பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

இன்னொரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. கூகுள் எர்த் ப்ரோ 2015 ஜனவரியிலிருந்து இலவசம். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பின்னுக்கு நகர்த்திப் பார்க்கலாம். குழாய் பதித்த வருடத்துக்குப் போனால், புதிதாக மூடிய பள்ளம் சில இடங்களில் சாலையோரம் வெளிறிய கோடாகத் தெரிகிறது. ஒப்பந்தக் கோப்பே தொலைந்துபோன ஒரு பிரதானக் குழாயின் பாதையை அப்படித்தான் பிடித்தோம். வெவ்வேறு தேதிப் படங்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் விலகி நிற்கும். ஆகவே அதில் பார்த்ததை அப்படியே வரைந்துவிடக் கூடாது. எங்கே தோண்டிப் பார்க்கலாம் என்பதற்குத் துப்பாக வைத்துக்கொண்டு, டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) அளவு எடுத்த பிறகே வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

இனி எரிச்சல்.

சில சிக்கல்கள் ஒருமுறை பட்டால் போதும், திரும்ப வராது. இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் வெப் மெர்கேட்டர் முறையில் நீளம் அளப்பது அப்படி ஒன்று. எங்கள் ஊர் அட்சரேகையில் அது நீளத்தைத் திசையைப் பொறுத்து 1.6 முதல் 2.3 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். 12 கிலோமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 200 மீட்டராவது கூடும். அந்த அளவை வைத்து எஸ்டிமேட் போட்டால் இல்லாத குழாய்க்குப் பணம் போகும். ஒரு தடவை போகப் பார்த்தது, தப்பித்தோம். அதன் பிறகு நீளத்தை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் மட்டுமே அளக்கிறோம். அதிலும் 78 பாகை தீர்க்கரேகை எங்கள் பகுதி வழியாகத்தான் போகிறது. அதற்கு மேற்கே யுடிஎம் மண்டலம் 43 வடக்கு, கிழக்கே 44 வடக்கு. பாதி வேலையை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் வைக்காமல் ஏதாவது ஒரு மண்டலத்தையே எடுத்துக்கொள். விளிம்பில் வரும் பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தொடாது.

ஆயத்தொலைவு இடம் மாறுவதும் அதே ரகம். மேப் தேடல் பெட்டியில் அட்சரேகை முதலில் வரும், கேஎம்எல், ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில் வரும். ஒருமுறை வால்வுப் பட்டியல் ஒன்று மாறி ஏறியதில் எங்கள் வால்வுகள் எல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நின்றன. இது பார்த்த உடனே தெரியும் பிழை என்பதால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

ஆறு வருடமாகத் தீராதது அடையாள எண் தொலைவது. ஆபீசிலிருந்து கேஎம்எல்லாக எடுக்கும்போது குழாயின் விவரங்கள் பெரும்பாலும் ஒரு அட்டவணையாக மாறி விவரப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விட்டம் தனி, வருடம் தனி என்று இருந்ததெல்லாம் ஒரே நீளமான எழுத்துக் குவியல் ஆகிவிட்டது. கேஎம்எல்லில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 2008இலிருந்து அது ஓஜிசி என்ற சர்வதேச அமைப்பின் தரநிலை, விவரங்களைத் தனித்தனியாக வைக்க எக்ஸ்டெண்டட் டேட்டா என்று தனிப் பகுதியே இருக்கிறது. எழுதும் மென்பொருளும் படிக்கும் செயலியும் அதை மதித்தால்தானே பயன்? ஃபிட்டர் போனில் கோட்டைச் சரியாக வரைந்து அனுப்புகிறார். அவர் வரைந்தது புதுக் கோடு, அதற்கு எண் கிடையாது. இங்கே ஏற்றுகிறோம். பழைய கோடும் இருக்கிறது, புதிதும் வந்துவிட்டது. ஒரே தெருவில் இரண்டு குழாய். மொத்த நீளம் தவறு, அழுத்தக் கணக்கு தவறு. அந்த வயதில், அந்தச் சின்னத் திரையில், அவர் சரியாகச் செய்த வேலையை நாங்கள் கெடுக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நடுவில் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவம் வந்தால் இன்னும் மோசம். அதன் புலப் பெயருக்கு, அதாவது விவரப் பத்தியின் தலைப்புக்கு, பத்து பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். அப்படியென்றால் 'தெரு' என்றுகூட முழுசாக எழுத முடியாது, அதற்கே பன்னிரண்டு பைட் வேண்டும். எழுத்து முறையைச் சொல்லும் சிபிஜி கோப்பு கூடவே வராவிட்டால் தெருப் பெயர்கள் முழுக்கக் குப்பையெழுத்து. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவம் 2014இலேயே வந்துவிட்டது, இந்தத் தொல்லை எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் டெண்டரில் இன்னும் ஷேப்ஃபைல்தான் கேட்கிறார்கள்.

இப்போதைக்கு நான் செய்வது இது. அடையாள எண்ணைக் குழாயின் பெயராகவே வைத்து அனுப்புகிறேன், பெயர் மட்டும் எப்படியும் பிழைத்து வருகிறது. களத்திலிருந்து கோடுகளை வாங்குவதில்லை. ஒரு பின் குத்தி, அதற்குக் குழாய் எண்ணைப் பெயராக எழுதி, என்ன தவறு என்று குரல் பதிவு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோட்டை இங்கே மூலத்தில் நாங்கள் திருத்துகிறோம். போன் பிரதியில் ஆயத்தொலைவை ஐந்து தசமத்தோடு நிறுத்துகிறேன். அது சுமார் ஒரு மீட்டர், வால்வு மூடியைத் தேட அது போதும். ஒரு மீட்டரைவிடத் துல்லியமான தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் மனத்தில் வைத்துத்தான் டிஜிபிஎஸ் அளவுகளை ஆபீசைவிட்டு வெளியே விடுவதில்லை. இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அந்த 340 எப்படி வந்தன? நான் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். புதிதாக வந்த பையன் வந்த கோப்புகளை எல்லாம் நல்லெண்ணத்தோடு ஏற்றிவிட்டான். அவன்மேல் தவறில்லை. ஒரு ஆள் விடுப்பு எடுத்தால் கெட்டுப்போகும் ஏற்பாடு இது.

ஆகவே தம்பி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே: உன் ஊரில் இரண்டையும் இப்போது சேர்க்காதே. கூகுள் எர்த்தில் மட்டும் வரைந்து கொடுப்பதும் வேண்டாம், அடுத்த வருடம் ஒரு குழாயின் விட்டத்தை மாற்ற யாருக்கும் வழி இருக்காது. பெரிய லைசென்ஸும் வேண்டாம். இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் ஒரு ஜியோபேக்கேஜும் உன் ஊருக்குப் போதும். திருத்தம் வந்தால் பார்த்து ஏற்ற, தினம் அரை மணி நேரம் ஒதுக்கும் ஆள் ஒருவர் கிடைத்த பிறகு போனுக்கு அனுப்பு. இரட்டைக் குழாய்கள் இன்னும் அறுபது பாக்கி இருக்கும்போது எனக்கு வேறு பதில் வரவில்லை. அவை முடிந்தபின் கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.

சனிக்கிழமை வரும்போது வால்வுப் பட்டியலை எக்செல்லில் கொண்டுவா. எண் இல்லாத வால்வு எத்தனை என்று அன்றே எண்ணிவிடுவோம். அந்த ஊர் ஃபிட்டர் வர முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.