கடைக் குழாய்க்கு ஹீட் கேபிள்: வாங்கலாமா?

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் பிளாசாவின் பின்பக்கம், சரக்கு இறக்கும் கதவை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. மைனஸ் 20 வரும் இரவுகளில் முதலில் உறைவது அந்த இடம்தான். இப்போது அங்கே ரேகெம் எக்ஸ்எல்-ட்ரேஸ் ஹீட் கேபிள் போட்டிருக்கிறோம், அதாவது குழாயோடு சேர்த்துக் கட்டி அதை உறையவிடாமல் சூடாக வைக்கும் மின்கம்பி. கடை, உணவகம், கிளினிக் என்று கட்டடம் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கேபிளைக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டால் காசு வீண்.

இதற்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் மலிவான ரகம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அது எந்தக் குளிருக்கும் ஒரே அளவு சூட்டைத்தான் தரும், ஒன்றின் மேல் ஒன்று பட்டால் அந்த இடம் கருகிவிடும். அவரோ வால்வின் மேல் நாலைந்து சுற்று சுற்றியிருந்தார், பிரித்தபோது உறை பழுப்பேறிக் கையிலேயே நொறுங்கியது. புதியது அப்படியில்லை. இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கார்பன் கலந்த கறுப்பு பிளாஸ்டிக், குளிர்ந்தால் அதில் மின்சாரம் கூடுதலாகப் பாயும், சூடேறினால் தானாகவே குறையும். அதனால் கதவோரத்துத் துண்டு அதிகமாகவும் உள்ளே இருக்கும் துண்டு குறைவாகவும் சூடாகின்றன, வால்வில் குறுக்கே போனாலும் பயமில்லை, வேண்டிய நீளத்துக்கு வெட்டியும் கொள்ளலாம். சூடேறினாலும் முழுதாக அணையாது, ஆகவே குளிரைப் பார்த்துக் கேபிளைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லாவிட்டால் மே மாதத்திலும் கரண்ட் பில் ஏறும்.

எங்கே போடுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அந்தப் பனிக்கட்டிக்கும் மூடிய வால்வுக்கும் நடுவே மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, குழாய் அங்கேதான் வெடிக்கும், அதாவது உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்றாக இருக்கலாம். வெடித்த இடத்தில் மட்டும் கேபிள் கட்டினால் அடுத்த குளிரிலும் அதே கதைதான். சீலிங் ஓடுகளுக்கு மேலே போகும் குழாய்களையும் பாருங்கள், கடைக்குள் இருக்கும் சூடு அங்கே ஏறாது, அதுவும் கிறிஸ்துமஸுக்கு ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கடையைப் பூட்டினால் கேட்கவே வேண்டாம்.

கட்டும்போது இரும்பு, செம்புக் குழாயின் அடிப்பக்கமாக நேராக ஓடவிட்டால் போதும். பிளாஸ்டிக் குழாய் என்றால் அலுமினியம் டேப் ஒட்ட வேண்டும், சூடு பரவ அதுதான் வழி. மேலே சூடு வெளியேறாமல் காக்கும் உறை, அதாவது இன்சுலேஷன், கட்டாயம் வேண்டும். வெறும் இன்சுலேஷன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஓடாமல் நிற்கும் தண்ணீர் உறைவதை அது தள்ளிப்போடும், தடுக்காது. அப்புறம் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டித்துவிடும் பிரேக்கர், அதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை வைத்தே மாட்டுங்கள்.

எந்த நிறுவனத்து ஹீட் கேபிளுக்கும் ஒரு குறை உண்டு. செத்துப்போனாலும் வெளியே ஒன்றும் தெரியாது. எச்சரிக்கை மணியுள்ள கன்ட்ரோலர் கூடுதல் செலவுதான், ஆனால் ராத்திரி ஆளில்லாத கட்டடத்துக்கு அது வேண்டும், அக்டோபரில் ஒரு தடவை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சோதித்தும் விடுங்கள். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய்க்கு இதையே வெட்டிப் போட்டுவிடக் கூடாது, அந்த வேலைக்கென்று அங்கீகாரம் பெற்ற கேபிளும் கன்ட்ரோலரும்தானா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். எங்கள் ஸ்பிரிங்க்ளர் அறையில் கேபிளே இல்லை, ஹீட்டர் வைத்து 4 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.