வார இதழ்: தாளிலா, டேப்லெட்டிலா?

கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனபோதே எங்கள் வீட்டில் இந்த வழக்கு தொடங்கிவிட்டது.

செலவு: தாளுக்கு வாராவாரம் காசு. டேப்லெட்டுக்கு முதலில் பெருந்தொகை, பிறகு சந்தா; நாலைந்து இதழ் படிப்பவருக்கே கட்டுப்படியாகும்.

கண்: அச்சுப் பக்கத்தை அப்படியே பிடிஎஃப்பாகத் தந்தால் 8 அங்குலத் திரையில் எழுத்து எறும்பாக ஊரும். பெரிதாக்கி, நகர்த்தி, மூன்று பத்தி படிப்பதற்குள் பொறுமை போய்விடும். 10 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். மொட்டைமாடி வெயிலிலோ தாள்தான்.

சேமிப்பு: தாள் பரணை அடைக்கும், கரையான் அரிக்கும். ஆனாலும் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்தால் அது நம் சொத்து. சந்தா முடிந்தால் பல செயலிகளில் பழைய இதழும் பூட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு டேப்லெட். ஒரே இதழை வீடே பங்குபோட்டுப் படித்தால் தாள். நான் இன்னும் தாள் கட்சி.