பயறுக்கு எண்ணெய், சோளத்துக்கு வேம்பு: மூட்டையில் வண்டு விழாமல் எதைச் சேர்ப்பது?

தையில் காங்கேயம், தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து சோளமும் கொள்ளும் தட்டைப்பயறும் களத்துக்கு வந்துவிடும். அடுத்த விதைப்பு ஆடியிலோ புரட்டாசியிலோதான். அதுவரை மூட்டையைக் காக்க வேம்பு, வசம்பு, நொச்சி, விளக்கெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வண்டு முட்டையை எங்கே வைக்கிறது என்று பார்த்தால்தான் எதற்கு எது என்பது பிடிபடும்.

பயறு வண்டு தோலின் மேலேயே முட்டையை ஒட்டும். வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். எண்ணெய் பூசினால் காற்றுக் கிடைக்காமல் முட்டை செத்துப்போகும். கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் அல்லது கடலை எண்ணெய், ஒவ்வொரு மணியிலும் படும்படி கையால் புரட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து புழு உள்ளே துளைத்துவிடும். அதன்பின் பூசுவது வீண். காட்டில் காயாக இருக்கும்போதே முட்டை வைத்திருக்கும் என்பதால், பயறு காய்ந்ததுமே பூசிவிடுங்கள். அளவு கூடினால் முளைப்பு குறையும், சிக்கு வாடையும் அடிக்கும். வேப்பெண்ணெய் இன்னும் வலுவானது, ஆனால் கசப்பு ஏறும், விதைக்கு மட்டும். சாப்பிடுகிற துவரைக்குச் செம்மண் கட்டும் (செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்கும்) நம்மூர் வழக்கமும் நல்லதே.

சோளம், மக்காச்சோளத்தில் கதை வேறு. கூன்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டை வைத்து, வாயைப் பசையால் அடைத்துவிடும். அங்கே வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளே சிறந்தது: 100 கிலோவுக்கு 1 கிலோ. உள்ளே இருக்கும் புழுவை இதுவும் கொல்லாது, புதிதாக வரும் வண்டு தின்பதையும் முட்டை வைப்பதையும்தான் தடுக்கும். ஆகவே முதலில் நல்ல வெயில்: சோளம் 12 சதவீத ஈரத்துக்குக் கீழே, பயறு 9, 10க்கு வர வேண்டும்.

வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் பொறுக்கியது, நிழலில் உலர்த்தியது என்றால் தைக்கு வீரியம் இருக்கும். வெயிலில் காய்ந்ததும் எட்டு மாதம் தாண்டியதும் வீரியம் இழந்தவை. பூசணம் பிடித்ததைச் சேர்த்தால் தானியத்துக்கே நஞ்சு.

வேப்பங்கொட்டைக் கரைசலைத் தானியத்தின் மேல் தெளிக்கவே கூடாது; ஈரம் ஏறிப் பூசணம் வரும். அது சாக்குக்கு உரியது. 10 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, சாக்கை நனைத்து, நிழலில் முழுக்கக் காயவிட்டு நிரப்புங்கள்.

நொச்சி இலை வாடை இருக்கும்வரை விரட்டும், அவ்வளவுதான். காயாத இலையைப் போட்டால் மூட்டை வியர்க்கும்.

வசம்புத் தூள், கிலோவுக்கு 10 கிராம், இவற்றில் கடுமையானது, வண்டை மலடாக்கும். அதிலுள்ள அசரோன் என்ற பொருளால் அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை வந்தது. விதைக்கு மட்டும் போடுங்கள், மூக்கில் துணி கட்டிக் கலக்குங்கள். அந்த மூட்டையில் ‘விதை’ என்று எழுதி, அரைக்கிற மூட்டைகளோடு சேர்க்காமல் தனியே அடுக்குங்கள்.