மாலத்தீவுக்கு நான் கொண்டுபோன கதர்க் கொடி

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். மாலத்தீவில் லாமு அட்டோலில் (பவளத் தீவுக் கூட்டம்) ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் தீவில் இந்திய ஆசிரியர்கள் ஏழு பேர். ஆகஸ்ட் 15 அன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கொடி கட்டுவோம்.

2024-ல் ஆன்லைனில் 150 ரூபாய்க்கு ஒரு பாலியெஸ்டர் கொடி வாங்கி எடுத்துப்போனேன். பிரித்துப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. சக்கரம் முட்டை வடிவில் இருந்தது. எண்ணினேன், ஆரங்கள் 22 தான். 24 ஆரம் என்றால் ஆரத்துக்கு ஆரம் 15 டிகிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான். அதை எப்படிச் சுவரில் மாட்டுவேன்? 2021 டிசம்பரில் கொடி விதியைத் திருத்திய பிறகு பாலியெஸ்டரும் மெஷின் துணியும் செல்லும். துணியில் தப்பில்லை, அச்சடித்தவர்கள் அக்கறை இல்லாமல் அடித்திருந்தார்கள்.

அடுத்த லீவுக்கு ஊர் வந்தபோது நேராகக் கதர்க் கடைக்குப் போனேன். மூன்றடிக்கு இரண்டடி, ஐஎஸ்ஐ முத்திரையோடு, 1,100 ரூபாய். இந்தியத் தர நிர்ணயத்தில் ஒன்றாம் எண்ணே தேசியக் கொடிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா இருபது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். கொடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாவும் ஊடும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) கைநூல்தான் என்றார். மூன்று நிறமும் ஒரே துணியில் அச்சடித்ததல்ல, தனித்தனித் துணியாக வெட்டி இணைத்துத் தைத்திருந்தார்கள். தையல் எங்கும் விட்டுப்போகவில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு குண்டூசி குத்திப் பார்த்தேன், மறுபக்கமும் மிகச்சரியாக நடுவிலேயே வந்தது. வேறொரு வெள்ளைத் துணியை நனைத்துக் கொடியில் தேய்த்தும் அதில் சாயம் ஒட்டவில்லை.

குறையையும் சொல்கிறேன். கயிறு ரொம்பக் குட்டை, தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. கதர் கனமான துணி, ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகஸ்டில் இங்கே தென்மேற்குப் பருவமழை, காற்றிலேயே உப்பு. பெட்டியில் வைத்திருந்த ஒரே மாதத்தில் லேசாக முக்கல் வாடை வந்துவிட்டது. வெயில் வந்த நாளில் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டேன்.

2025-ல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. இங்கே வாரவிடுமுறை என்பதால் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வெள்ளியன்று ஃபெரி ஓடாது, அதனால் பக்கத்துத் தீவு சார் வியாழக்கிழமையே வந்து தங்கிவிட்டார். செங்கோட்டையில் ஏழரைக்குக் கொடி ஏறும்போது எங்களுக்கு மணி ஏழு. வெளியே மழை. கூடத்துச் சுவரில் காவி மேலே இருக்கும்படி கட்டினோம். ஃபோனில் செங்கோட்டை, சுவரில் எங்கள் கொடி. தேசிய கீதம் பாடி முடித்தபோது கேரளத்து டீச்சர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. வீட்டிலிருந்து ஒருவரும் பக்கத்தில் இல்லாத ஒரு காலையில் அந்தத் துணி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கார தத்தா (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போண்டிபை செய்து கொண்டுவந்தார். அரிசியில் செய்யும் இனிப்பு, நம் சர்க்கரைப் பொங்கலுக்குச் சொந்தம் மாதிரி. "எங்களுக்கு ஜூலை 26 மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம், சுதந்திரம் அவர்களுக்கு 1965-ல், எங்களுக்கு 1947-ல், இரண்டு பேரையும் விட்டுப்போனது ஒரே பிரிட்டிஷார்தான் என்றேன். அவர் மகன் என் வகுப்பு. கொடியைத் தொடலாமா என்று கேட்டான். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, தொடவிட்டேன். அப்புறம் எங்கள் ஊர்க் குமரன் கதையைச் சொன்னேன். 1932 ஜனவரியில் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் கையிலிருந்த கொடியை விடாதவர் என்று. "அதுவும் இந்தத் துணிதானா, மிஸ்?" என்றான். அன்றைக்கு நடுவில் ராட்டை இருந்தது, ஆனால் அதுவும் கதர்தான் என்றேன்.

மாலையில் காவியையும் பச்சையையும் வெள்ளைக்குப் பின்னால் மடித்து, சக்கரம் மேலே தெரிய வைத்து எடுத்துவைத்தேன். வாங்குகிறவர்கள் கடையிலேயே பிரித்து, ஆரத்தை எண்ணி, கயிற்றை அளந்து வாங்குங்கள். வெளிநாட்டுக்கு என்றால் கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். பக்கத்துத் தீவு சார் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சின்ன அளவு, 450க்கு 300 மில்லிமீட்டர் போதுமாம்.