பள்ளி ஜெர்சியா, கிளப் ஜெர்சியா? சிட்னியில் ரக்பி ஆடும் பையனுக்கு எந்த வழி?

சிட்னியில் பையன் ரக்பி யூனியன் (பதினைந்து பேர் ஆடும் ரக்பி) ஆடுகிறான் என்றால், அவன் ஏழாம் வகுப்புக்குப் போகும் சமயத்தில் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஜி.பி.எஸ். என்று சொல்லப்படும் பெரிய ஆண்கள் பள்ளிகளில் ஒன்றில் சேர்த்து, பள்ளி அணி வழியாக மேலே ஏற விடுவதா? இல்லை, பக்கத்து அரசுப் பள்ளியிலேயே படிக்க வைத்து, ஊர் கிளப்பில் ஆட விட்டு, வட்டார அணி, கோல்ட்ஸ் (பள்ளி முடித்த பையன்களின் கிளப் அணி), கிரேடு (பெரியவர்களின் அணி) என்று ஏற விடுவதா? நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜி.பி.எஸ். பற்றிச் சுருக்கமாக. 1892இல் உருவான பள்ளிகளின் சங்கம் அது. கிங்ஸ், செயின்ட் ஜோசப்ஸ், ரிவர்வியூ, ஸ்காட்ஸ், நியூயிங்டன், ஷோர் எல்லாம் அதில் அடக்கம். சிட்னி பாய்ஸ் ஹை என்றால் நம்மவர்களுக்குச் செலக்டிவ் தேர்வும் (அங்கே சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு) டியூஷனும்தான் நினைவுக்கு வரும். அந்த அரசுப் பள்ளியும் இதே சங்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரக்பியில் முதல் வரிசைப் பள்ளி அது இல்லை. குயின்ஸ்லாந்தில் தனியாக ஒரு ஜி.பி.எஸ். உண்டு, நட்ஜி கல்லூரி அங்கே பெரிய பெயர். நான் பேசுவது சிட்னியைப் பற்றி மட்டும்.

பணக் கணக்கை விரிக்கத் தேவையில்லை. இவற்றில் தனியார் பள்ளிகளில் மேல் வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டும், விடுதி என்றால் இன்னும் எவ்வளவோ மேலே. ஊர் கிளப்பில் சில நூறு டாலரில் ஒரு சீசன் முடிந்துவிடும். வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் 50 டாலர் வவுச்சரும் கிடைக்கலாம். மைதானம், ஜிம், பிசியோ இவற்றில் பள்ளியோடு கிளப் போட்டி போடவே முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பள்ளியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே வயதுப் பிரிவில் ஏ, பி, சி, டி என்று அடுக்கடுக்காக அணிகள் வைத்திருப்பார்கள். வாரத்தில் சில நாள் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், அதுவும் கட்டாயம். பதினாறு பதினேழு வயதில் ஃபர்ஸ்ட் ஃபிஃப்டீனுக்கு (பள்ளியின் முதல் அணி) வந்த பையன் ஒவ்வொரு வாரமும் தன் தரத்தில் உள்ளவர்களோடு மோதுகிறான். பக்கவாட்டில் பழைய மாணவர்கள் கூட்டம், கூடவே மாநில அணிக்கும் லீக் கிளப்புகளுக்கும் ஆள் தேடுகிறவர்கள். மேக்ஸ் ஜோர்ஜென்சன் செயின்ட் ஜோசப்ஸில் படித்து முடித்த கையோடு நியூ சவுத் வேல்ஸின் தொழில்முறை அணியான வாராட்டாஸுக்குப் போனார். 2024 நவம்பரில் ட்விக்கனமில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 42-37 என்று வென்ற ஆட்டத்தின் கடைசி நொடி ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) அவருடையது. சீக்கிரம் பழுக்கிற திறமைக்குப் பள்ளியை விட வேகமான வழி கிடையாது, இதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மச்சான் கண்டியில் வளர்ந்தவர். ராயல், டிரினிட்டி பள்ளிகளின் பிராட்பி கேடய ஆட்டத்தைத் திருவிழா மாதிரி பார்த்தவருக்குப் பள்ளி ரக்பிதான் ரக்பி. "கிளப் எல்லாம் வேலைக்குப் போகிறவன் பொழுதுபோக்குக்கு ஆடுவது" என்று இன்றைக்கும் சொல்லுவார். கண்டிக்கு அது பொருந்தலாம். சிட்னியில் பள்ளி முடிந்த மறு ஆண்டு என்ன நடக்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. எங்கள் முடிவு முழுக்க நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பள்ளி ரக்பிக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆகஸ்ட் வாக்கில் சீசன் முடியும். அதற்குள் பையன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட, 19 வயதுக்குட்பட்ட சூப்பர் ரக்பி அணிகளுக்கான தேர்வு, வாராட்டாஸ் அகாடமி எல்லாமே இந்த வயதைச் சுற்றித்தான் நடக்கின்றன. அந்தச் சல்லடையில் தங்காத பையன் அடுத்து எங்கே போவான்? அவனும் கிளப்புக்குத்தான் வருவான். ஷூட் ஷீல்டு என்பது சிட்னி கிளப்புகள் 1923இலிருந்து ஆடிவரும் போட்டி. அதில் இருக்கும் கிளப்புகள் பள்ளி முடித்த பையன்களுக்குக் கோல்ட்ஸ் என்று தனி அணிகள் வைத்திருக்கின்றன, பெரும்பாலான கிளப்புகளில் மூன்று வரை. அதற்கு மேல் பெரியவர்களுக்கு நான்கு கிரேடு. கோல்ட்ஸ் மூன்றாம் அணியில் நுழைந்தவனும் ஆட ஆட மேலே வரலாம். யாரும் பழைய பள்ளி ரிப்போர்ட்டைக் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் பள்ளிப் பையனும் அங்கே போகலாமே, என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். போகலாம்தான். ஆனால் நான் பார்த்தவரை, ஆறு ஆண்டு பள்ளிக்காகவே ஆடியவன், பி அணியிலோ சி அணியிலோ முடித்தவன், பள்ளியோடு சேர்த்து ஆட்டத்தையும் முடித்துவிடுகிறான். அவனுக்குத் தெரிந்த ரக்பி அந்தச் சட்டை, அந்தப் பாட்டு, அந்த நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஆடி வளர்ந்தவனுக்குக் கோல்ட்ஸ் என்பது அடுத்த வயதுப் பிரிவு, அவ்வளவுதான்.

எங்கள் பையன் பிராப். ஸ்கிரம்மில், அதாவது இரண்டு அணியினரும் கோத்துக்கொண்டு பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளும்போது, முன்வரிசையில் தோள் கொடுக்கிறவன். இதனால்தான் இந்தக் காரணம் எங்களுக்கு இரட்டிப்பாகக் கனத்தது. 19 வயதுக்குட்பட்ட ரக்பியில் ஸ்கிரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்பது விதி. பிஞ்சுக் கழுத்தையும் முதுகெலும்பையும் காப்பதற்கான நல்ல விதி. அதன் பக்கவிளைவு, பதினாறு வயதுப் பிராப் உண்மையில் எவ்வளவு நல்ல பிராப் என்பதை எந்தத் தேர்வாளராலும் முழுதாகப் பார்க்க முடியாது. பந்தைத் தூக்கிக்கொண்டு நாலு பேரை இடித்துத் தள்ளுகிறானா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஜெயிக்கிறவன் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்தவன், பதிமூன்றிலேயே மீசை வந்தவன். முன்வரிசை ஆட்டக்காரர்கள் முதிர்வதே இருபதுகளின் நடுவில். பிராப் ஜேம்ஸ் ஸ்லிப்பர் ஆஸ்திரேலியாவுக்காக 150 டெஸ்ட்டை (நாடுகளுக்கு இடையேயான ஆட்டம்) தொட்டபோது அவருக்கு வயது 36. இப்படி ஒரு இடத்துக்கு ஆடுகிறவனைப் பதினேழில் முடிவாகிவிடும் பாதையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பையன் விங், ஃபுல்பேக் மாதிரி பின்னால் நின்று ஓடும் இடங்களில் ஆடி, நல்ல வேகமும் இருந்திருந்தால் என் கணக்கு வேறு மாதிரி போயிருக்கலாம்.

இரண்டாவது வாசலால் உள்ளே வந்தவர்கள் ஆஸ்திரேலிய ரக்பியில் குறைவில்லை. 1991 உலகக் கோப்பையைத் தூக்கிய தலைவர் நிக் ஃபார்-ஜோன்ஸ் நியூயிங்டனில் படித்தவர். ஆனால் பள்ளியின் ஃபர்ஸ்ட் ஃபிஃப்டீனில் இடம் கிடைக்கவில்லை. சிட்னி பல்கலைக்கழகக் கிளப்பில்தான் அவர் ஆட்டம் விரிந்தது. டேவிட் கேம்பீஸி குவின்பியன் கிளப்பின் கீழ் கிரேடில் தொடங்கி 101 டெஸ்ட் ஆடினார். எல்லா (Ella) என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் மார்க், கிளென், கேரி மூவரும் மாட்ராவில் என்ற இடத்து அரசு உயர்நிலைப் பள்ளி. 1977-78இல் தோல்வியே காணாமல் சுற்றுப்பயணத்தை முடித்த ஆஸ்திரேலியப் பள்ளி அணியில் மூவருமே இருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இவர்கள் எல்லாம் 1995க்கு முன்னால், ஆட்டம் தொழிலாக மாறாத காலத்தில் வந்தவர்கள். இப்போது பதினெட்டு வயதில் ஒப்பந்தம், அகாடமி என்று எல்லாம் முன்னே நகர்ந்துவிட்டது. உண்மைதான், வாசல் குறுகியிருக்கிறது. மூடவில்லை. டட்டாஃபு பொலோட்டா-நாவ் கிரான்வில் சவுத் அரசுப் பள்ளியில் படித்து, பாரமட்டா டூ புளூஸ் வழியாக 90 டெஸ்ட் வரை போனார். 2023 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய அணியின் தலைவராக இருந்த வில் ஸ்கெல்டன் செவன் ஹில்ஸில் இருக்கும் அரசு விளையாட்டுப் பள்ளி. இரண்டு பேருமே மேற்கு சிட்னி, இரண்டு பேருமே முன்வரிசை, இரண்டாம் வரிசைக் கனரகங்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிகளுக்குக் காரில் கொஞ்ச நேரம்தான் என்பதால் எனக்கு இந்த உதாரணங்கள் மேல் கூடுதல் பாசம் இருக்கலாம், கழித்துக்கொள்ளுங்கள்.

கிளப் வழியின் குறைகளையும் மறைக்க மாட்டேன். பதிமூன்று வயதுதான் ஆபத்தான இடம். ஏழாம் வகுப்பு தொடங்கியதும் அணியின் நல்ல பையன்களில் ஒரு பகுதி தனியார் பள்ளிகளுக்குப் போய்விடும். சனிக்கிழமை பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கிளப் என்று இரண்டிலும் ஆட முயல்வார்கள். ஒரு சீசனில் உடம்பு அடிவாங்கி, கிளப்பை விட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பதினைந்து பேர் சேர்வதே பெரும்பாடு. எங்கள் அணியும் ஒரு கட்டத்தில் பக்கத்துக் கிளப்போடு சேர்ந்துதான் பிழைத்தது. கோச் யாரோ ஒரு பையனின் அப்பா. சிலர் அருமையாகச் சொல்லித்தருவார்கள், சிலர் தன் பையனுக்கு மட்டும். வட்டார அணித் தேர்விலும் எனக்குக் கசப்பு உண்டு. ஒரு ட்ரையலில் பத்து நிமிடம்கூடப் பார்க்காமல் பட்டியல் போட்டார்கள், பட்டியலில் பழக்கமான குடும்பப் பெயர்களே இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டு மறுபடி ட்ரையல் வந்தது, ஜூன் நீண்ட வார இறுதிப் போட்டிக்கு அவன் போனான். கிளப் வழியில் அநியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை அது மறுபரிசீலனைக்கு வருகிறது, அந்த அளவுக்கு நிம்மதி.

சரி, ஸ்காலர்ஷிப் கிடைத்தால்? இது பலர் கேட்கும் கேள்வி. ரக்பிக்காகப் பையன்களை இழுப்பது பற்றி சிட்னி பள்ளிகளுக்குள்ளேயே பல காலமாகச் சண்டை நடக்கிறது, பத்திரிகைகளிலும் அடிபடும். கிடைக்கும் உதவி பெரும்பாலும் வேறு ஏதாவது பெயரில் இருக்கும். வந்தால் உடனே மறுக்கச் சொல்ல மாட்டேன். படிப்புக்கே அது பெரிய வாய்ப்பு. ஆனால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: முட்டி உடைந்து ஒரு ஆண்டு ஆட முடியாமல் போனால் உதவி தொடருமா, எந்த வகுப்பு வரைக்கும், கட்டணத்தில் எவ்வளவு சதவீதம். விடுதி, சீருடை, சுற்றுப்பயணச் செலவு தனி என்பதைப் பிறகு தெரிந்துகொண்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு அப்படி ஒரு பேச்சு தொடங்கி, பாதியிலேயே நின்றது. அதனால் உள்ளே போனபின் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவமாகப் பேச முடியாது.

மேற்கு சிட்னியில் மூன்றாவது வழி ஒன்று வீட்டு வாசலிலேயே நிற்கிறது: ரக்பி லீக். பதிமூன்று பேர் ஆடும் ஆட்டம், இங்கே தெருவெல்லாம் அதுதான். பென்ரித் பேந்தர்ஸ் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது பெரும்பாலும் சொந்த வட்டாரத்தில் வளர்த்த பையன்களை வைத்து. ஹெரால்ட் மேத்யூஸ், எஸ்.ஜி. பால் என்று அவர்களின் இளையோர் போட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. யூனியனில் பாதி குழப்பம்கூட அங்கே இல்லை. இதில் வேடிக்கை, லீக்காரர்கள் ஆள் பிடிப்பதும் அதே ஜி.பி.எஸ். மைதானங்களில்தான். ஜோசப் சுவாலி கிங்ஸ் பள்ளி. லீக் அவரை எடுத்துக்கொண்டு, பதினெட்டு ஆகும் முன்பே சிறப்பு அனுமதியோடு 2021இல் முதல் தர ஆட்டத்தில் இறக்கியது. 2023இல் யூனியன் பெரும் பணம் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது, 2024 கடைசியில் அவர் யூனியனுக்குத் திரும்பினார். அந்தத் தொகையில் எத்தனை ஊர் கிளப்புகளின் பதிமூன்று வயது அணிகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பிராப்புக்கு லீக்கில் ஸ்கிரம் பெயருக்குத்தான், அதனால் நாங்கள் அந்தப் பக்கம் தீவிரமாகப் பார்க்கவில்லை.

பெண் பிள்ளை உள்ளவர்களுக்கு இந்த அலசல் அவ்வளவாகப் பொருந்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியில் சார்லட் காஸ்லிக், எமிலி செர்ரி போன்றவர்கள் டச் ஃபுட்பாலிலிருந்து (மோதாமல் தொட்டாலே போதும் என்ற ஆட்டம்) வந்தவர்கள். பெண்களுக்கான உலகக் கோப்பை 2029இல் இங்கே நடக்கப்போகிறது, வழிகள் இப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் பழக்கம் உள்ள யாராவது எழுத வேண்டும்.

எங்கள் பையன் இப்போது பதினாறு வயதுப் பிரிவில் இருக்கிறான். கோல்ட்ஸ் பற்றி நான் சொன்னதில் பாதி, அண்டை வீட்டுப் பையன்கள் போய் ஆடுவதைப் பார்த்தது. அவன் அங்கே தாக்குப் பிடிப்பானா, படிப்பு இழுத்துக்கொண்டு போய்விடுமா, இன்னும் தெரியாது. பையன் வேகக்காரன், பன்னிரண்டு வயதிலேயே மற்றவர்களை விட ஒரு தலை உயரம், பள்ளிக் கட்டணம் உங்கள் வீட்டை ஆட்டாது என்றால் பள்ளி வழிதான் சுலபம். குட்டையாகவோ குண்டாகவோ இருந்துகொண்டு ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் கிளப்பை நன்றாகப் பாருங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை மெரிலாண்ட்ஸில் கிரான்வில் பூங்காவில் இருக்கும், டூ புளூஸ் கிளப் ஆடும் எரிக் ட்வீடேல் மைதானத்துக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். ஃபர்ஸ்ட் கிரேடுக்காக மாலையில் போகாதீர்கள். காலையிலேயே போய், கோல்ட்ஸ் கடைசி அணி ஆடுவதைப் பாருங்கள். அங்கே ஓடுகிறவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள், பதினாறில் எந்த அணியில் இருந்தார்கள் என்று பக்கத்தில் நிற்கும் அப்பாக்களிடம் கேட்டாலே போதும், தாராளமாகச் சொல்லுவார்கள்.